முதல் கிலோ எங்கே போகப் போகிறது? ஹைட்ரஜன் நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

பவாய் ஐஐடி ஆய்வகங்களிலும், பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களிலும், தில்லி லோதி சாலையிலுள்ள புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்திலும், சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜனுக்காக உழைக்கும் நிபுணர்களுக்கு, அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு முக்கியமாக,

வணக்கம்.

மும்பையின் டிராம்பே பகுதியில் ஓர் உர ஆலையின் அம்மோனியா பிளாண்டில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது செம்பூர். உங்கள் அறிக்கைகளைத் தேடிப் படிக்கிறேன், கருத்தரங்கு உரைகளை யூடியூபில் கேட்கிறேன். பலதும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் ஒவ்வொரு தடவையும் உறுத்துகிறது. ஹைட்ரஜன் ஏதோ இனிமேல்தான் இந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்கப்போகிற புது மாப்பிள்ளை போலப் பேசுகிறீர்கள்.

அது இங்கே பல பத்தாண்டுகளாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. நேரம் கிடைத்தால் செம்பூரிலிருந்து மாகுல் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். 1950களின் நடுவில் வந்த சுத்திகரிப்பு ஆலைகள், 1960களில் வந்த உர ஆலை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மோனோரயில் நிலையம் ஒன்றுக்கே ஃபெர்டிலைசர் டவுன்ஷிப் என்று பெயர். அந்த வேலிகளுக்குள்ளே இராப்பகலாக ஹைட்ரஜன் உண்டாகிறது, உண்டான இடத்திலேயே தீர்ந்தும் போகிறது. சுத்திகரிப்பு ஆலையில் டீசலிலிருந்து கந்தகத்தை எடுக்க அது வேண்டும். உர ஆலையில் அது நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியா ஆகிறது. இயற்கை வாயுவையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்களுக்குள் விட்டு எண்ணூறு டிகிரி வாக்கில் சூடாக்குவோம், அதைத்தான் ரிஃபார்மர் என்போம். ஒரு கிலோ ஹைட்ரஜன் அதில் பிறக்கும்போது 9, 10 கிலோ கரியமில வாயுவும் கூடப் பிறக்கிறது. சாலையில் லாரி ஏறிப் போகாததால் இந்த ஹைட்ரஜன் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்தியா முழுக்க ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன்னுக்கு மேல் இப்படிச் செலவாகிறது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு என்ன? 2030க்குள் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன். இன்றைய செலவும் நாளைய இலக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியானால் முதல் வேலை எது என்று கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாமே.

நான் கேட்பது இதைத்தான். பசுமை ஹைட்ரஜனின் முதல் கிலோ, இன்று வாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜன் எங்கே செலவாகிறதோ அங்கே போகட்டும். உரத்துக்கும் சுத்திகரிப்புக்கும் போக மிச்சம் இருந்தால் பஸ், ரயில், அடுப்பு எல்லாம் பார்க்கலாம். இதை உங்களில் பலர் தனிப் பேச்சில் ஒப்புக்கொள்கிறீர்கள், மேடை ஏறியதும் ஹைட்ரஜன் பஸ் படத்தைப் போடுகிறீர்கள்.

அந்தப் படம் எவ்வளவு தூரம் போகிறது தெரியுமா? ஊரிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். “மாமா, தண்ணில ஓடுற பஸ் வரப்போவுதாமே, நீங்க அந்த லைன்லதான இருந்தீங்க?” தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025இல் ஒரு மாதிரி ஆலையைத் திறந்தார்கள் அல்லவா, அந்தச் செய்தி அவனுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஆலையின் அளவு மணிக்குப் பத்து கனமீட்டர். எடையில் சொன்னால் ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் ஒரு மின்வண்டி சார்ஜருக்கும் அது போகிறதாம். மின்சாரத்தை ஹைட்ரஜன் ஆக்கி, ஹைட்ரஜனைத் திரும்ப மின்சாரம் ஆக்கித் தெருவிளக்கு எரிக்கிறோம். கைப்பழக்கத்துக்காகச் செய்வதில் தப்பில்லை. பையன்கள் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் இதுதான் எதிர்காலம் என்று சொல்லாதீர்கள்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கிலோ ஹைட்ரஜன் உண்டாக்க, தண்ணீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசருக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்தக் கிலோவுக்குள் தங்குவது 33 யூனிட். அதை அழுத்தி, சிலிண்டரில் ஏற்றி, அதை மின்சாரமாக்கும் ஃப்யூவல் செல்லில், அதாவது பஸ்ஸுக்குள் இருக்கும் கருவியில், விட்டால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 16, 17 யூனிட். அதே 55 யூனிட்டை நேரே பேட்டரியில் ஏற்றினால் நாற்பதாவது தேறும். செம்பூரில் பெஸ்ட் நிறுவனத்தின் மின்சார பஸ்கள் எங்கள் தெருமுனையிலேயே திரும்புகின்றன, அவற்றிடம் யாரும் பாடம் கேட்பதில்லை. 2012இல் தில்லி பிரகதி மைதானத்தில் ஹைட்ரஜன் ஆட்டோ ஓட்டிக் காட்டினார்கள். இன்று தில்லித் தெருவெங்கும் நிறைந்திருப்பவை பேட்டரி ரிக்‌ஷாக்கள். குழாய் வழியாக வீட்டுக்கு வரும் எரிவாயுவில் ஹைட்ரஜன் கலப்பதும் அப்படித்தான். கொள்ளளவில் 20 சதவீதம் கலந்தாலும் ஆற்றலில் அது 7 சதவீதம்தான். ரயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அகலப்பாதை முழுக்க ஏறக்குறைய மின்மயமாகிவிட்ட நாட்டில், ஒரு ரயிலுக்கு 80 கோடி என்று கணக்குப் போட்டு 35 ஹைட்ரஜன் ரயில்களுக்குத் திட்டம் போடுகிறோம். ஹரியானாவின் ஜீந்த்–சோனிபத் பாதைக்கான முதல் வண்டி சென்னை ஐ.சி.எஃப்.பில் உருவானது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. பெருமை வேறு, கணக்கு வேறு.

எரிபொருளாக அதற்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. நெடுந்தூரக் கப்பலுக்கு பேட்டரி பத்தாது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜன் உதவும், உருக்கு ஆலைகளுக்கு அது பெரிய வழி. அவையெல்லாம் அடுத்த வரிசை.

முதல் வரிசையான உரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் தொழில் என்பதால் மட்டுமல்ல. உங்கள் அறிக்கைகள் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் அதுதான்.

மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்வது நமக்குப் புதிதே இல்லை. பஞ்சாபில் பக்ரா அணை மின்சாரத்தை வைத்து நங்கல் உர ஆலை 1961இல் அதைத்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே அந்த ஹைட்ரஜனை நம்பி அணு உலைகளுக்கு வேண்டிய கனநீர் செய்யும் ஆலையும் அங்கே வந்தது. வாயுவும் இல்லை, நிலக்கரியும் இல்லை. இன்றைய அளவுகோலால் அளந்தால் அது பசுமை ஹைட்ரஜன். அதன் பிறகு அந்த மின்சாரத்துக்கு வயலும் ஊரும் மற்ற ஆலைகளும் வந்து நின்றன. எழுபதுகளின் கடைசியில் நங்கலில் எரியெண்ணெயை வைத்து ஓடும் பிளாண்ட் வந்துவிட்டது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி 1966 முதல் யூரியா செய்தார்கள், அதுவும் ஒரு காலம். நங்கல் கதையை நான் படித்த எந்த உரையிலும் பார்க்கவில்லை. யாராவது எடுத்திருந்தால் ஒரு கேள்வியும் கூடவே வந்திருக்கும். மலிவான மின்சாரத்துக்கு ஊரே வந்து வரிசையில் நிற்கும்போது எலக்ட்ரோலைசருக்கு இடம் பிடித்துவைக்கப் போவது யார்?

அப்புறம் யூரியா. இதைச் சொல்லாமல் விடவே முடியாது. ஒரு டன் யூரியா செய்ய அரை டன்னுக்குச் சற்று மேல் அம்மோனியா வேண்டும், கூடவே முக்கால் டன் அளவுக்குக் கரியமில வாயுவும் வேண்டும். அந்த வாயு எங்கிருந்து வருகிறது? ஹைட்ரஜன் செய்யும்போது ரிஃபார்மரிலிருந்து வருவதைத்தான் பிடித்து, கழுவி, யூரியா பிளாண்டுக்கு அனுப்புகிறோம். ரிஃபார்மரை நிறுத்திவிட்டு எலக்ட்ரோலைசரை வைத்தால் ஹைட்ரஜன் கிடைக்கும், கரியமில வாயு கிடைக்காது. அம்மோனியா கை நிறைய இருக்கும், யூரியா செய்ய முடியாது. இந்தியாவில் ஆண்டுக்கு மூன்று கோடி டன் யூரியா உற்பத்தியாகிறது. அதற்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு வேண்டும். வயலில் தூவியதும் அது திரும்பக் காற்றுக்கே போய்விடும் என்பது வேறு விஷயம். சாண எரிவாயுவிலிருந்து பிடிப்பீர்களா, எத்தனால் ஆலையிலிருந்து பிடிப்பீர்களா, சிமென்ட் ஆலையிலிருந்து பிடிப்பீர்களா? இல்லை, விவசாயியை யூரியாவிலிருந்தே வேறு உரத்துக்கு மாற்றப் போகிறீர்களா? 45 கிலோ மூட்டை 242 ரூபாய்க்குக் கிடைக்கும் வரை அவர் மாறுவாரா? இதற்கு ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

பாஸ்பரஸ் உரமான டி.ஏ.பி.யும் கலப்பு உரங்களும் அப்படியல்ல. அவற்றுக்கு அம்மோனியா மட்டும் போதும், கரியமில வாயு தேவையில்லை. அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு இருபது லட்சம் டன்னுக்குக் குறையாமல் இறக்குமதி செய்கிறோம். 2025இல் மத்திய அரசு நிறுவனமான சோலார் எனர்ஜி கார்ப்பரேஷன் இப்படிப்பட்ட பதின்மூன்று உர ஆலைகளுக்காக, ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அம்மோனியாவுக்கு ஏலம் விட்டது. முதல் ஏலத்தில் கிலோ 55 ரூபாய் 75 காசு. பின்னால் வந்த ஏலம் ஒன்றில் ஐம்பதுக்கும் சற்றுக் கீழே இறங்கியது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த செய்தி அது. திட்டம் போட்டவர் யாரோ, பிளாண்டை உள்ளே போய்ப் பார்த்தவராக இருக்க வேண்டும். சரியான இடத்தில் முதல் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். சுத்திகரிப்புப் பக்கமும் பானிப்பட் ஆலைக்கு ஆண்டுக்கு 10,000 டன் ஹைட்ரஜன் கிலோ 397 ரூபாய்க்கு என்று ஒப்பந்தம் ஆனது. வாயுவிலிருந்து எடுப்பதை விட விலை மிக அதிகம்தான். ஆனால் அங்கே வாங்க ஆள் இருக்கிறது, கம்ப்ரசர் இருக்கிறது, குழாய் இருக்கிறது. புதிதாக யாரும் பழக வேண்டியதில்லை.

இப்படி ஒரு பக்கம் நல்லது நடக்கும்போதே இன்னொரு பக்கம் ஏற்றுமதிப் பேச்சு. ஜப்பானில் ஹெக்கினான் அனல்மின் நிலையத்தில் 2024இல் நிலக்கரியோடு 20 சதவீதம் அம்மோனியா கலந்து எரித்துப் பார்த்தார்கள். அதற்கு நம் துறைமுகங்களிலிருந்து பசுமை அம்மோனியா அனுப்பலாம் என்று கனவு காண்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வாயுவில் செய்த அம்மோனியாவை வாங்கி நம் வயலுக்குப் போட்டுவிட்டு, நம் வெயிலில் செய்த அம்மோனியாவை அவர்கள் கொதிகலனில் எரிக்க அனுப்புவதா? டாலர் வரும் என்பீர்கள். இறக்குமதி நின்றாலும் டாலர் மிஞ்சத்தானே செய்யும்?

‘பசுமை’ என்ற முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் வந்த வரையறைப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் போகக்கூடாது. அந்த 2 கிலோ, பன்னிரண்டு மாத சராசரி. 2022 பிப்ரவரிக் கொள்கையில் மின்சாரத்தை முப்பது நாள் வரை பொது மின்தொகுப்பான கிரிட்டில் வங்கிபோல் போட்டு எடுக்கலாம் என்றார்கள். பகலில் சூரிய மின்சாரத்தைப் போட்டுவிட்டு இரவில் எடுத்தால் கையில் வருவது அனல்மின் நிலைய மின்சாரம். நம் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. 55 யூனிட்டால் பெருக்குங்கள், கிலோவுக்கு 38 கிலோ வரும். எங்கள் பழைய ரிஃபார்மரை விட நாலு மடங்கு மோசம். முப்பது நாள் கணக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று தணிக்கையாளர் சொல்லலாம். புகைபோக்கிக்கு அந்தக் கணக்கு தெரியாது. தொடக்கத்தில் கொஞ்சம் சலுகை வேண்டும் என்பது புரிகிறது, இல்லாவிட்டால் ஆலையே வராது. மணிக்கு மணி கணக்கு எந்த ஆண்டில் தொடங்கும் என்பதையாவது இப்போதே எழுதிவையுங்கள்.

மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் அம்மோனியா பிளாண்டுக்கு என்ன ஆகும்? ஹைட்ரஜனும் நைட்ரஜனும் அம்மோனியா ஆகும் கன்வெர்ட்டருக்குள் இரும்பு வினையூக்கி இருக்கிறது. நானூறு, ஐந்நூறு டிகிரி சூடு, காற்றழுத்தத்தைப்போல் நூற்றைம்பது மடங்குக்கு மேல் அழுத்தம். ஒரு தடவை ட்ரிப் ஆகி நின்றால் பேனல் அறையில் இருப்பவன் முகம் வெளுக்கும். திரும்ப சூடேற்றி நிலைக்குக் கொண்டுவர ஷிஃப்ட் ஷிஃப்டாக நேரம் போகும். டீ வந்து ஆறிக்கிடக்கும், எவனும் தொடமாட்டான். நாங்கள் வாழ்நாள் முழுக்கக் கற்றது ஒன்றுதான். ஓடுகிற பிளாண்டை ஓடவிடு, அசைக்காதே. சூரியன் தினமும் ஆறு மணிக்கு மேல் ஷட்டவுன் கொடுப்பார். புது வடிவமைப்புகள் சுமையைக் கூட்டியும் குறைத்தும் ஓடும் என்கிறீர்கள். ஓடட்டும். ஆனால் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் வெல்டும் கேஸ்கெட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போகும். முதல் இரண்டு வருடத்தில் ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் ஃபிளாஞ்ச் பேச ஆரம்பிக்கும்.

ஃபிளாஞ்ச் என்பது குழாய்களை இணைக்கும் தட்டு, அது பேசுவது என்றால் அங்கே வாயு கசிந்து சத்தம் வருவது. பட்டப்பகலில் ஹைட்ரஜன் தீ கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, நிறம் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ‘உஸ்’ என்று சத்தம் வரும் இடத்துக்குப் போகும்போது மூத்த ஆபரேட்டர் ஒரு நீளத் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு அடி மேல் அடி வைத்துப் போவார். நுனி பொசுங்கினால் அங்கே தீ. பின்னாலேயே நின்று, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, நானும் அப்படி நடந்திருக்கிறேன். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். பற்றுவதற்கு நைலான் சட்டை உரசலே போதும். அதனால் குழாய்க்குள் அதை விடும் முன் நைட்ரஜனால் கழுவி, ஆக்சிஜன் அளவைப் பார்த்து, பெர்மிட்டில் கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் வால்வைத் தொடுவோம். அம்மோனியா கசிந்தால் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் காட்டுவோம், வெண்புகை திரளும் இடம்தான் ஓட்டை. காற்றின் திசை காட்டும் துணிப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக் குறுக்கே நடக்க வேண்டும். இப்போது இதற்கெல்லாம் டிடெக்டர்கள் வந்துவிட்டன. வரவேண்டியதுதான். ஆனால் டிடெக்டர் கத்தும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று அது சொல்லாது.

பசுமை அம்மோனியாவும் அதே அம்மோனியாதான். மூக்குக்கு நிறம் தெரியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு ஏற்பட்டதும், தூக்கத்திலிருந்து எழுந்து மக்கள் குழந்தைகளோடு ஓடியதும், பலர் மருத்துவமனைக்குப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். தூத்துக்குடியிலும் பாரதீப்பிலும் காண்ட்லாவிலும் பெரிய பெரிய அம்மோனியா டேங்குகள் வரப்போகின்றன. மைனஸ் 33 டிகிரியில் ஆயிரக்கணக்கான டன் உட்கார்ந்திருக்கும். வேலிக்கு வெளியே இருக்கும் மீனவர் குப்பத்திலும் உப்பளத் தொழிலாளர் வீட்டிலும் ‘ஈரத்துணியை மூக்கில் வை, காற்றுக்குக் குறுக்கே நட’ என்று யாராவது ஒருநாள் நின்று சொல்லிக் கொடுத்தார்களா? டேங்க் வந்த பிறகு அல்ல, அடிக்கல் நாட்டும் முன்பே அந்த ஒத்திகை நடக்க வேண்டும். உங்கள் திட்டச் செலவில் அது சில்லறைக் காசு.

தண்ணீரைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், அதில் பாதி வீண் பயம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படி 9 லிட்டர். ஐம்பது லட்சம் டன்னுக்கு நாளொன்றுக்கு 12 கோடி லிட்டர் சொச்சம். சுத்திகரிப்பு, குளிரூட்டல் எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மும்பை மாநகராட்சி ஏழு ஏரிகளிலிருந்து தினமும் எடுத்துத் தருவதில் பத்தில் ஒரு பங்குதான் அது. நாடு முழுக்கப் பரப்பிப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் ஆலை நாடு முழுக்கப் பரவி உட்காராது, ஒரு தாலுகாவில் உட்காரும். வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் தாமிரபரணித் தண்ணீருக்கு ஏற்கனவே எவ்வளவு சண்டை என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஹைட்ரஜன் விலையில் அதனால் கூடுவது மிகக் கொஞ்சம்.

இனி மும்பைக்கு வருகிறேன். நாளொன்றுக்கு ஆயிரம் டன் அம்மோனியா செய்யும் நடுத்தர பிளாண்ட் ஒன்றை முழுக்க பசுமைக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். தினமும் 177 டன் ஹைட்ரஜன் வேண்டும். அதற்கு இடைவிடாமல் 400 மெகாவாட் மின்சாரம் வேண்டும். மும்பை நகரம் முழுவதன் உச்சத் தேவையே நாலாயிரம் மெகாவாட் சொச்சம்தான். வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள் போதாமல் திணறும் ஊர் இது. 2020 அக்டோபர் 12 அன்று கம்பிகள் கைவிட்டபோது லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. ஆகவே இங்கே எலக்ட்ரோலைசர் வராது. குஜராத்திலோ ராஜஸ்தானிலோ தெற்குக் கடற்கரையிலோ அம்மோனியா உண்டாகும், கப்பலில் இங்கே வரும். செம்பூரின் ரிஃபார்மர் அணையும். டேங்கும் பம்பும் மிஞ்சும்.

இதை நான் தப்பு என்று சொல்லவில்லை, அதுதான் சரி என்றுகூட நினைக்கிறேன். ஆனால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. இயக்கத்தின் ஆவணத்தில் ஆறு லட்சம் வேலை வரும் என்று இருக்கிறது. எந்த ஊரில், எந்தப் பிளாண்டுக்கு எத்தனை பேர், நிரந்தரமா ஒப்பந்தமா என்று இல்லை. ரிஃபார்மருக்கு முன்னால் நின்று, பர்னர் ஜுவாலையின் நிறத்தைப் பார்த்தே வாயு சரியில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் ரசாயன ஆலை ஆபரேட்டர் படிப்பான ஏ.ஓ.சி.பி. முடித்து, ஒப்பந்தக்காரரிடம் பத்து, பதினைந்து வருடமாக, ஆலையை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன் வேலை பார்க்கும் தாராவிப் பையன்களும் சீத்தா கேம்ப் பையன்களும் இருக்கிறார்கள். ஹைட்ரஜன் குழாயைக் கையால் தொட்டு வேலை செய்த அனுபவம் இந்த நாட்டில் இவர்களிடம்தான் இருக்கிறது. புதுப் பாடத்திட்டம் போடும்போது இவர்களுக்கு முதலில் சீட் கொடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை. மாகுல் பக்கம் வந்து, பசுமை ஹைட்ரஜன் வந்தால் உங்கள் காற்று சுத்தமாகும் என்று சொல்லிவிடாதீர்கள். மும்பைக்குத் தண்ணீர் கொண்டுவரும் தான்சா குழாய் ஓரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் மூச்சுத் திணறல் பற்றி நீதிமன்றம் வரை போனவர்கள். அந்த இடத்தில் கட்டாயமாகக் குடியமர்த்தக் கூடாது என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஹைட்ரஜனை மாற்றினால் கரியமில வாயு குறையும். டேங்கிலிருந்தும் ஏற்றுமிடத்திலிருந்தும் கிளம்பும் எண்ணெய் ஆவி குறையாது. அதற்கு வேறு வேலை, வேறு செலவு. இரண்டையும் ஒரே மேடையில் முடிச்சுப் போட்டால் முதல் மழைக்காலத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக நேரடியான வேண்டுகோள். அடுத்த ஆலோசனைக் கூட்டத்துக்கு மேசையைச் சுற்றி நாற்காலி போடும்போது அம்மோனியா பேனலில் வேலை பார்த்த ஒருவர், பராமரிப்பில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒருவர், துறைமுகப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் என்று மூன்று நாற்காலி கூடப் போடுங்கள். கூட்டக் குறிப்புகளைத் தமிழிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் ஒடியாவிலும் வெளியிடுங்கள். யூரியாவுக்குக் கரியமில வாயு எங்கிருந்து வரும் என்ற பக்கத்தை எழுதியதும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பிளாண்டில் இருந்த நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து திருத்தித் தருகிறோம். சேடா நகர் முருகன் கோவிலில் மாலையில் கூடுவோம். செவ்வாய், வெள்ளியில் மட்டும் கூட்டம் அதிகம், பேச முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அம்மோனியா பிளாண்ட் ஆபரேட்டர் ஒருவன்,
செம்பூர், மும்பை